காரணத்துக்கு ரெண்டாம் பந்தி

வாடா பேராண்டி, உக்காரு. ராத்திரி பூரா சென்னையில கம்ப்யூட்டர் முன்னால கண்ணு முழிச்சிட்டு வந்திருக்க. என்ன வேலைன்னு கேட்டா, 'மெடிக்கல் கோடிங் தாத்தா'ன்னு சொல்லுத. அமெரிக்காக்காரன் ஜூலை 4-ந் தேதி வெடி போட்டுக் கையைச் சுட்டுக்கிடுவான். நீ இங்க இருந்து அதுக்கு நம்பர் போடுவ. அங்க வெடி வெடிச்சா இங்க உலை கொதிக்குது. நல்ல பொழப்புதான்!

2015 அக்டோபர் 1-லேர்ந்து அங்க இந்தப் புது நம்பர் புஸ்தகமாம். ஏறக்குறைய 70,000 நம்பராம். ஏலே, மனுசனுக்கு அம்புட்டு வழியிலயா அடிபடும்?

பட்டாசா? டபிள்யூ 39. கேஸ் சிலிண்டரா? டபிள்யூ 36. சைக்கிள் டயர் வெடிச்சாக்கூட டபிள்யூ 37.0. எவனோ வேணும்னே வெடி வச்சானா? எக்ஸ் 96. வேணும்னா, தவறியான்னு தெரியலையா? ஒய் 25. தெரியலைன்னா நாங்க தலையைச் சொறிவோம். நீங்க அதுக்கும் ஒரு நம்பர் வச்சிருக்கீங்க!

பட்டாசு நம்பருக்குப் பின்னால எக்ஸ், எக்ஸ், எக்ஸ்னு மூணு. எதுக்குடான்னா, சும்மா இடம் பிடிக்கவாம். பஸ்ஸுல துண்டு போடுத மாதிரி. கடைசியில ஒரு எழுத்து. வைத்தியம் நடந்தா ஏ, ஆறிக்கிட்டு வந்தா டி, தழும்பா நின்னா எஸ். அந்த 'ஏ'வுக்குப் பேரு முதல் சந்திப்பு. மூணாவது ஆபரேசனுக்குப் போனாலும் முதல் சந்திப்புதானாம். மூணு பிள்ளை பெத்தவளைப் புதுப்பொண்ணுன்னு கூப்பிட்ட கதைதான்!

கேலி பண்ணுதேன்னு கோவிச்சுக்கிடாத. ஒரு விசயத்துல உங்க புத்தி பெருசு. வெடிச்ச வேகத்துல காத்து அறைஞ்சா மேல ஒரு கீறல் இருக்காது, உள்ள நுரையீரல் புண்ணாயிருக்கும். அதுக்குத் தனியா எஸ் 27.31 வச்சிருக்கீங்க. நாங்கன்னா, 'ஒண்ணுமில்ல, பயந்துட்டான்'னு வேப்பிலை அடிச்சு அனுப்பிருப்போம்.

ஆனா ஒண்ணு உறுத்துது. காயத்தோட நம்பர்தான் முன்னால நிக்கணும், எதுனால வந்துச்சுன்னு சொல்லுத நம்பர் முதல்ல நிக்கவே கூடாதுங்கறது விதியாம். நாடு பூரா அதைப் போட்டே ஆகணும்னு கட்டாயமும் இல்லையாம். வெந்த கைக்கு முதல் பந்தி. வெடிக்கு ரெண்டாம் பந்தி. சோறு தீந்தா இலையே கிடையாது! எது சுட்டதுன்னு எண்ணாம, எதைத் தடுப்ப? பள்ளத்தை மூடாம, விழுந்தவனுக்கெல்லாம் மருந்து போட்டுக்கிட்டே இருப்பியா?

இந்தா, என் கட்டை விரலைப் பாரு. பாதிதான் மிச்சம். நேத்து அதுக்கும் நம்பர் சொன்ன: டபிள்யூ 39, துண்டு மூணு, கடைசியில எஸ். அறுபது வருசத் தழும்பு, கணக்கு சரிதான். ஆனா அந்தத் தீவாளிக்கு யானை வெடியைக் கையில பிடிச்சபடியே ஏன் பத்த வச்சேன்? மாமன் மக பாத்துக்கிட்டு நின்னா. அந்த வீம்புக்கு உன் புஸ்தகத்துல என்ன நம்பர்?

தேடு, தேடு. காப்பியைக் குடிச்சிட்டுத் தேடு. கிடைக்கலைன்னா உள்ள போயி உன் ஆச்சியைக் கேளு. பாத்துக்கிட்டு நின்னவ அவதானே!