ஒரு ஊசிக்கு ஒரு மிஷின்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைத் தலைமை அதிகாரி அவர்கள், எங்கள் வீட்டுக் காரைச் செய்த கம்பெனி. (பெயரை எழுதினால் உங்கள் வக்கீல் நோட்டீஸும் சேர்ந்து வரும் என்பதால் எழுதவில்லை.)

பொருள்: காரில் காற்று வராமல் போனதும், தங்கள் எஸ்டிமேட்டுக்கு நன்றி தெரிவிப்பதும்.

ஐயா, வணக்கமுங்க.

நான் திருப்பூரில் நாலு நிட்டிங் மிஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறவன். மே மாத மதியம், அவிநாசி ரோட்டு நெரிசலில் என் காரின் ப்ளோயர் திடீரென்று கொள்கை மாறிவிட்டது. ஒன்றில் வைத்தால் காற்றில்லை. இரண்டிலும் மூன்றிலும் அதே மௌனம். நாலில் வைத்தால் மட்டும், முன்னால் கிடந்த டெலிவரி சலான் பின்சீட்டுக்குப் பறந்தது. புழுக்கம் வேண்டுமா, புயல் வேண்டுமா, இரண்டில் ஒன்று எடுத்துக்கொள் என்று பத்து நாள் ஓட்டிவிட்டு உங்கள் சர்வீஸ் சென்டருக்கு வந்தேன்.

காபி கொடுத்தார்கள். நல்ல காபி. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தம்பி லேப்டாப்பை மாட்டி முக்கால் மணி நேரம் பார்த்தார். பிறகு எஸ்டிமேட் வந்தது. டேஷ்போர்டை மொத்தமாகக் கழற்றி, ப்ளோயர், கூலிங் காயில், ஹீட்டர் எல்லாம் அடங்கிய பெட்டியை அப்படியே மாற்ற வேண்டுமாம், ரூ. 31,000 சொச்சம். வாரண்டி செல்லாது, ஏனென்றால் “வாகனம் பஞ்சும் தூசும் மிகுந்த சூழலில் இயக்கப்பட்டுள்ளது.” திருப்பூரில் பஞ்சு இருப்பதைக் கண்டுபிடித்த அந்தத் தம்பிக்கு நீங்கள் பதவி உயர்வு தர வேண்டும். இங்கே ஷோரூம் திறந்து ரிப்பன் வெட்டிய அன்றைக்கு அந்தச் சூழல் லீவில் போயிருந்ததுபோல.

எங்கள் தொழிலிலும் ரிப்பேர் உண்டுங்க. 30 டயா, 24 கேஜ் மிஷினில் சிலிண்டரைச் சுற்றி 2,260 சொச்சம் ஊசி நிற்கும். ஒன்றின் கொக்கி உடைந்தாலும் துணியில் நெட்டுக்கு ஒரு கோடு ஓடும். ஃபிட்டர் மிஷினை நிறுத்துவார், கோடு வந்த இடத்தில் விரலை வைப்பார், அந்த ஒரு ஊசியை உருவிவிட்டு வேறு போடுவார். டீ ஆறுவதற்குள் மிஷின் ஓடும். முழு மிஷினையும் மாற்றும் உங்கள் வழி இத்தனை வருடம் எங்களுக்குத் தோன்றவே இல்லை, பாருங்கள்.

இன்னொன்று. எங்கள் மிஷினுக்கு மேலேயும் ஒரு ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆளுக்காக இல்லை. பருத்தி நூல் உரசி ஓடும்போது குட்டை இழைகள் உதிரும். அவை ஊசியில் உட்காராமல் விரட்டத்தான் அந்த ஃபேன். அது போதாதென்று ஏர் பிடித்தும் அடிப்போம். உங்கள் ஃபேனோ முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள சந்து வழியாக ஊர்ப் பஞ்சையெல்லாம் இழுத்து, தனக்கே மெத்தை போட்டுக்கொள்கிறது.

கடைசியில் பல்லடம் ரோட்டில் ஒரு கார் எலக்ட்ரீஷியனிடம் போனேன். லேப்டாப் கிடையாது, காபியும் கிடையாது. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“நாலுல வெச்சா வருதுங்களாண்ணா?”

“வருதுங்க.”

“அப்ப மோட்டார் நல்லாத்தானுங்க இருக்குது. ரெசிஸ்டர் போயிருச்சு.”

விஷயம் அவ்வளவுதானாம். ஒன்று, இரண்டு, மூன்றுக்குக் கரண்ட் ரெசிஸ்டர் வழியாகக் குறைந்து போகிறது. நாலுக்கு அதைத் தொடாமல் நேராகப் போகிறது. ரெசிஸ்டர் சூடாகிற சாமான், அதனால் ப்ளோயர் காற்றிலேயே ஆறட்டும் என்று அந்தக் குழாய்க்குள் வைத்திருக்கிறார்கள். பஞ்சு அடைத்துக் காற்று குறைந்தால் அதற்கு ஆற வழியில்லை, வெந்துபோகும். எந்த நம்பரிலும் வராவிட்டால்தான் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று தேட வேண்டும் என்றார்.

க்ளவ் பாக்ஸைக் கழற்றிக் கையை விட்டார். சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சுப் பாய் மடங்கி வந்தது. கைக்குழந்தைக்கு ஒரு ஜட்டி தைக்கலாம். நடுவே இருந்த நீலத்தை எனக்கு அடையாளம் தெரிந்தது. போன வருடம் ஸ்ட்ரைப்ஸ் ஆர்டருக்கு ஓட்டிய நூல். கோன் பெட்டிகளைப் பின்சீட்டில் ஏற்றியது நான்தான், அதை மறைக்கவில்லை.

ஆனால் ஃபில்டர்? அதற்கு அளவாக ஒரு பொந்து இருந்தது. மூடியும் இருந்தது. ஃபில்டர் மட்டும் இல்லை. நான் வாங்கியது கீழ் மாடலாம், கம்பெனியிலிருந்தே காலியாகத்தான் வருமாம். காஜா அடித்துவிட்டுப் பட்டன் தைக்காமல் சட்டை அனுப்பினால் எங்கள் பையர் டெபிட் நோட் அடிப்பார். உங்களுக்கு நாங்கள் முன்பணம் கட்டுகிறோம்.

ரெசிஸ்டர், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து ரூ. 1,350. நீங்கள் மாற்றச் சொன்ன ஹீட்டர் புதுசு மாதிரி இருப்பதாகச் சொன்னார். இருக்காதா? வாங்கியதிலிருந்து அந்தச் சிவப்புப் பக்கம் குமிழைத் திருப்பியது ஒரே ஒரு தடவை. வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இன்ஜின் கொதித்தபோது, ஹீட்டரை முழுசாக வையுங்கள், இன்ஜின் சூட்டை அது கொஞ்சம் வாங்கிக்கொள்ளும் என்று மச்சான் சொன்னார். இன்ஜின் ஆறியது, நாங்கள் வெந்தோம்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம் ஆகிவிட்டது. தூத்துக்குடிக்குப் பனியன் பெட்டி ஏற்றிப்போகும் டிரைவர்களின் லாரிக்கும் இனி ப்ளோயர் உண்டு, அதற்கும் இதே பஞ்சுதான். லாரிக் கம்பெனிக்காரர்களைப் பார்த்தால் அந்தக் காலிப் பொந்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

நேற்று உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு பாப்பா போன் செய்தது. பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டது, பத்துக்குக் குறைந்தால் தன் சம்பளத்தில் கை வைப்பார்கள் என்றும் சொன்னது. காபிக்குப் பத்து என்றேன். காபிக்குத் தனிக் கட்டம் இல்லையாம். மொத்தத்துக்கும் பத்து போட்டுக்கொண்டது.

இப்படிக்கு,
இரண்டில் வைத்து ஓட்டுகிறவன்,
திருப்பூர்.

இணைப்பு: பஞ்சு, ஒரு கவர். நீலம் என்னுடையது, மற்றது ஊர்ப் பொது.