மனுவும் கையுமாக ஒரு பேய்

சீனத்துப் பேயை அடையாளம் காண்பது சுலபம். வயிற்றில் பசி, கையில் ஒரு மனு, 'இதை எங்கே போய்ச் சொல்வது' என்று ஒரு முழி. வழியில் யாராவது நின்று விசாரித்தால் போதும், ஆதியோடு அந்தமாகத் தன் வழக்கைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். அவரைப் பார்த்துப் பயந்து ஓடுகிறவர்களைவிட, கேட்டுக் கேட்டு அலுத்து ஓடுகிறவர்களே அதிகம் இருப்பார்கள்.

செத்தால் நிம்மதி என்பது மற்றவர்களுக்கு. இவருக்குச் செத்த பிறகுதான் அலைச்சலே ஆரம்பம். பாதாளத்தில் பத்து நீதிமன்றங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ராஜா. ஐந்தாவதில் உட்கார்ந்திருப்பவர் நமக்குப் பழக்கமானவர்தான்: பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து சீனா போய்ச் சேர்ந்த யமதர்மன். முதலில் அவருக்கு ஒன்றாம் நீதிமன்றம்தான் கொடுத்திருந்தார்களாம். அநியாயமாகச் செத்து வந்தவர்களைப் பார்த்து மனம் இளகி, 'திரும்பிப் போய்ப் பிழைத்துக்கொள்' என்று அனுப்பிவிட்டார். மேலிடம் அவரை ஐந்துக்குத் தூக்கியடித்துவிட்டது. இரக்கத்துக்குத் தண்டனை இடமாற்றம்!

அங்கே எல்லாம் பதிவேட்டின்படிதான் நடக்கும். பதிவேடு மட்டும் ஆளைப் பார்த்து நடக்கும். 'மேற்கு நோக்கிய பயணம்' நாவலில் தாங் பேரரசர் தாய்சோங் பாதாளம் போகிறார். அவருடைய ஆட்சியின் 13ஆம் ஆண்டோடு ஆயுள் முடிந்தது என்று ஏட்டில் இருக்கிறது. ஆனால் ஏடு வைத்திருக்கும் நீதிபதிக்கு ஒரு சிபாரிசுக் கடிதத்தைக் கையோடு கொண்டுபோயிருந்தார் பேரரசர். நீதிபதி தூரிகையை எடுத்தார். சீன எழுத்தில் ஒன்று என்பது ஒரு கோடு, மூன்று என்பது மூன்று கோடு. இரண்டு கோடு கூடப் போட்டார். 13 போய் 33 ஆயிற்று. இருபது வருஷம் லாபம்.

கடிதம் இல்லாத பேய்கள் என்ன செய்யும்? ஊருக்குத் திரும்பும் பேரரசரை வழிமறித்துக் காசு கேட்டன. அவரிடம் சல்லிக்காசு இல்லை. கைஃபெங்கில் தண்ணீர் விற்றுப் பிழைக்கும் ஓர் ஏழை, காகிதப் பணத்தை எரித்து எரித்துப் பாதாளக் கஜானாவில் சேர்த்துவைத்திருந்தான். அதிலிருந்து கைமாற்று வாங்கிக் கொடுத்துத் தப்பினார் சக்கரவர்த்தி.

காகிதப் பணம்தான் நம்மவருக்கு ஜீவாதாரம். பிள்ளை குட்டிகள் பூமியில் எரித்தால், பாதாளத்தில் வரவு விழும். இன்று காகித வீடு, காகிதக் கார், காகிதக் கைபேசி வரை போய்க்கொண்டிருக்கிறது. நோட்டுகளில் பூஜ்யங்கள் பெருகிக்கொண்டே போவதைப் பார்த்தால், கீழேயும் விலைவாசி மோசம் என்றுதான் தெரிகிறது. எரிக்க வாரிசு இல்லாதவர் பாடு திண்டாட்டம். சந்திர நாள்காட்டியின் ஏழாம் மாதம் வந்தால் அவருக்கும் விடுமுறை. பாதாளக் கதவைத் திறந்துவிடுவார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அந்த மாதம் தெருவில் மேடை போட்டுப் பாட்டுக் கச்சேரி நடக்கும். முன்வரிசை நாற்காலிகள் காலியாக இருக்கும், அவை பேய்களுக்கு. உயிரோடு இருந்தபோது கிடைக்காத முன்வரிசை!

இவ்வளவு அலைந்தும் சூது வாது கற்றுக்கொள்ளவில்லை என்பதுதான் அவரிடம் எனக்குப் பிடித்தது. நான்காம் நூற்றாண்டில் கான் பாவ் தொகுத்த கதைகளில், சோங் திங்போ என்பவன் ராத்திரி வழியில் ஒரு பேயைச் சந்திக்கிறான். "யார்?" என்றால், "பேய். நீ?" என்கிறது அது. "நானும் பேய்தான்" என்கிறான் இவன். நடந்து களைத்ததால் ஆளை ஆள் முறைவைத்துச் சுமக்கிறார்கள். "கனக்கிறாயே?" "இப்போதுதான் செத்தேன், அதனால்தான்." நம்பிவிட்டது! "நான் புதுசு. நம்மவர்களுக்கு எதைக் கண்டால் பயம்?" என்று கேட்டதற்கு, "மனுஷன் எச்சில்தான்" என்று உள்ளதைச் சொல்லியும்விட்டது. சந்தை வந்ததும் பேய் ஆடாக மாறியது. மறுபடி உருமாறாதபடி அவன் எச்சிலைத் துப்பி, 1500 காசுக்கு விற்றுவிட்டுப் போய்விட்டான். அந்தக் கதையில் யார் பேய் என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்தப் பேய்க்குலத்தின் மனசை முழுக்கப் படித்தவர் ஷாண்டோங் மாகாணத்துப் பூ சொங்லிங் (1640–1715). மாகாணத் தேர்வை எழுதி எழுதித் தோற்றவர். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளியவர். ஏறக்குறைய 500 கதை எழுதினார். அரசாங்க வாசலில் காத்திருப்பதன் ருசி அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் கதை ஒன்றில், அப்பாவுக்கு நியாயம் கேட்டு ஒருவன் பாதாளத்துக்கே வழக்குப் போடப் போகிறான். அங்கே எதிராளி கீழிருந்து மேல்வரை லஞ்சம் கொடுத்து முடித்திருக்கிறான். மனுதாரரை ரம்பத்தால் இரண்டாக அறுக்கிறார்கள். அறுக்கிற கடைநிலைப் பூதம் மட்டும், 'பாவம், பிதாவுக்காக வந்த பிள்ளை' என்று இதயத்தில் படாமல் ரம்பத்தை ஒதுக்கி அறுக்கிறது.

பூ சொங்லிங்கின் இன்னொரு கதையில் வரும் வாங் லியூலாங் ஆற்றில் மூழ்கிச் செத்தவர். தண்ணீர்ப் பேய்க்கு ஒரு விதி உண்டு: தன் இடத்துக்கு வேறொருவர் மூழ்கிச் செத்தால்தான் விடுதலை. மாற்று ஆள் வராமல் பொறுப்பிலிருந்து விடுவிக்க மாட்டார்கள். ஆற்றில் கொஞ்சம் மதுவை ஊற்றிவிட்டுக் குடிக்கும் ஒரு மீனவரோடு அவருக்குச் சிநேகம். ஒரு நாள் மாற்று ஆள் வந்தே விட்டாள், குழந்தையோடு. குழந்தையைக் கரையில் போட்டுவிட்டுத் தண்ணீரில் விழுந்தாள். அழுகிற பிள்ளையைப் பார்த்து மனம் கேட்காமல், தாயைக் கரையேற விட்டுவிட்டார் லியூலாங்.

மேலிடம் இந்த முறை மெச்சியது. வேறொரு வட்டாரத்தில் ஊர்க்காவல் தெய்வமாக நியமன உத்தரவு வந்தது. மீனவர் நண்பரைப் பார்க்கப் புறப்பட்டுப் போனால், ஊரே திரண்டு நிற்கிறது. "நம் சாமி கனவில் வந்து சொன்னார், பழைய சிநேகிதர் வருகிறார், வழிச்செலவுக்குக் கொடுங்கள் என்று!"

பதவி கிடைத்ததும் முதல் வேலையாக நண்பருக்குப் பயணப்படி. இத்தனை பேய்களில் இவர் ஒருவருக்காவது அரசாங்க உத்தியோகம் எப்படிப் பார்ப்பது என்று தெரிந்திருந்ததே!