பாலிஷ் போட்ட பேரன்

கேள்வி: அமெரிக்காவில் பழைய கோல்ட் (Colt) கம்பெனி ரிவால்வர்களுக்கு எதை வைத்து விலை போடுகிறார்கள்?

பதில்: பெண் பார்ப்பதைவிடக் கறாராகப் பார்ப்பார்கள்! 1851 நேவி மாடலையே எடுத்துக்கொள்ளுங்கள். உலோகத் தோட்டா கிடையாது, மருந்தும் ஈயக்குண்டும் கெட்டித்து, பின்னால் செப்புக் கேப் மாட்டவேண்டும். தீபாவளிக் கேப்புக்குப் பெரியப்பா. சட்டம், குழல், உருளை, குழலைப் பிடித்திருக்கும் சின்ன ஆப்பு உட்பட எல்லாவற்றிலும் ஒரே சீரியல் நம்பர் இருக்கவேண்டும். உருளையைச் சுற்றி 1843-இல் டெக்ஸாஸ், மெக்சிகோ கப்பல்கள் மோதிய காட்சி பொறித்திருக்கும். அது தேயாமல் பாய்மரம் தெரிந்தால் விலை எகிறும். ‘தாத்தா துப்பாக்கியாச்சே’ என்று பேரன் பாலிஷ் போட்டுப் பளபளவெனக் கொண்டுவந்தாலோ, மதிப்பிடுபவர் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு அவனைப் பார்ப்பார்.