முகம் பார்த்துச் சொல்லுங்கள்

கேள்வி: கனடாவில் அகதிக் கோரிக்கை தள்ளுபடியானால் நாடு கடத்தல்தானே? கோர்ட்டுக்குப் போய் என்ன ஆகப்போகிறது?

பதில்: நிறையவே ஆகியிருக்கிறது. 1985க்கு முன் அங்கே நடைமுறை எப்படித் தெரியுமா? தஞ்சம் கேட்டவர் ஓர் அதிகாரியிடம் சத்தியம் செய்து தன் கதையைச் சொல்வார். அது தட்டச்சாகி ஒரு குழுவுக்குப் போகும். குழு ஆலோசனை சொல்லும், அமைச்சர் முடிவெடுப்பார். தஞ்சம் கேட்டவர் முகத்தைக் குழுவும் பார்த்ததில்லை, அமைச்சரும் பார்த்ததில்லை! அப்பீலும் முதலில் காகிதத்தில்தான். ஜெயிக்கும் என்று தோன்றினால்தான் நேர் விசாரணை. பெண் பார்க்கவே நேரில் போகிறோம். ஓர் உயிரைத் தீர்மானிக்க நேரில் பார்க்க வேண்டாமா?

இப்படிக் கோரிக்கை தள்ளுபடியான ஏழு பேர் சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். 1985 ஏப்ரல் 4 அன்று ஆறு நீதிபதிகளும் அவர்கள் பக்கம் நின்றார்கள். சொல்வது நம்பும்படியானதா என்பதே கேள்வி என்றால், ஆளை நேரில் கேட்டே ஆகவேண்டும் என்றார்கள் அவர்களில் மூவர். அரசியல் சாசனத்தில் உள்ள ‘ஒவ்வொருவரும்’ என்ற சொல், குடியுரிமை இல்லாவிட்டாலும் கனடா மண்ணில் நிற்கும் எவரையும் குறிக்கும் என்றும் அவர்களே சொன்னார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே தீர்ப்பைக் கும்பிடலாம்.

இன்று கோரிக்கை தள்ளுபடியானால் அப்பீல் நோட்டீஸுக்கு 15 நாள்தான் கெடு. அதிலும் தோற்றால் பெடரல் கோர்ட். அங்கே வழக்கு நடத்தவே அனுமதி வாங்கவேண்டும். ஜெயித்தாலும் பெரும்பாலும் அகதி அந்தஸ்து கைக்கு வராது, ‘மறுபடி விசாரியுங்கள்’ என்று திருப்பி அனுப்புவார்கள். இவ்வளவுதானா என்று எண்ணாதீர்கள். கைதான மாதத்தை மாற்றிச் சொன்னதற்காகப் பொய்யர் என்று எழுதப்பட்டவரின் வழக்கை இன்னொருவர் புதிதாகப் பார்ப்பார்.