கடைமடைக் கண்ணுக்கு அப்புச்சி சொல்ற பழமை

கிரீன் கார்டு பில்லு பாஸாகப் போகுதுன்னு நீ சொல்லிப் போனை வெச்சதும், உன்ற அம்மாயி எந்திரிச்சுப் போயி அங்காளம்மனுக்கு வெளக்குப் போட்டா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு கண்ணு. தப்பா நெனைச்சுக்காத. இந்த வெளக்குக்குன்னு நாங்க வாங்கின எண்ணெய்க் காசைச் சேத்து வெச்சிருந்தா, இன்னேரம் சொந்தமா ஒரு செக்கே போட்டிருப்பேன்.

மொதல் வெளக்கு 2011 கார்த்திகையில. பொண்டாட்டியையும் கைக்கொழந்தையையும் கூட்டிட்டு நீ டெக்சாஸ் போன வருசம். கார்டுக்கு மனுக்கூட இன்னும் போடலை, அதுக்குள்ள குதிச்சே: "அப்புச்சி, நாட்டுக்கு இத்தனைதான்ங்கற வரம்பை எடுக்கறாங்க, கீழ்சபையில 389க்கு 15!" மேல்சபையில அயோவாக்காரரு, கிராஸ்லின்னு பேரு, காலைக் குறுக்கே நீட்டினாரு. அப்பறம் காலை எடுத்துட்டாருன்னாங்க. அதுக்குள்ள வண்டி குடை சாஞ்சு கெடந்துச்சு.

ரெண்டாவது வெளக்கு 2013ல. இந்த வாட்டி மேல்சபை 68க்கு 32ன்னு பாஸ் பண்ணுச்சு. கீழ்சபைத் தலைவரு போய்னரு அதை ஓட்டுக்கே எடுக்கலை. மூணாவது 2019ல. கீழ்சபை 365க்கு 65. மேல்சபையில என்ன வழக்கம்னு நீதான் சொன்னே: யாரும் ஆட்சேபம் சொல்லலைன்னா ஓட்டே இல்லாம நிறைவேத்திப் போடலாம். ஆனா நூறு பேர்ல ஒருத்தன் தொண்டையைக் கனைச்சாப் போதும், கூட்டம் கலைஞ்சுரும். நம்மூர்க் கோயில் நோம்பி சாட்டற கூட்டமும் இதேதான். ஊரே சரின்னு தலையாட்டும். ஒரு பங்காளி மட்டும், "எங்கப்பன் காலத்துல எங்களுக்கு மொதப் பரிவட்டம்"னு எந்திரிப்பான். அங்க மொதல்ல எந்திரிச்சவரு ரேண்ட் பால். நர்சுகளுக்குத் தனி ஒதுக்கீடு வேணும்னாரு. அப்பறம் பெர்டியூ. அதுக்கப்பறம் டர்பின்.

கடைசீல 2020 டிசம்பர் 2ம் தேதி ஒருத்தரும் கனைக்காம மேல்சபையில பாஸாயிருச்சு. அன்னிக்கு நான்கூட அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கினேன், ஒத்துக்கறேன். ஆனா கீழ்சபை பாஸ் பண்ணுன பில்லு வேற, மேல்சபை பாஸ் பண்ணுன பில்லு வேற. பொண்ணூட்டுக்காரங்களும் சம்மதம், மாப்பிள்ளையூட்டுக்காரங்களும் சம்மதம். ஆளுக்கொரு மண்டபத்தைப் புடிச்சு ஆளுக்கொரு பத்திரிகை அடிச்சுப்போட்டாங்க. ஒரே பத்திரிகையா அடிக்கறதுக்குள்ள ஜனவரி வந்து, அந்தச் சபையோட ஆயுசும் முடிஞ்சுது. மைசூர்பாகை நானே தின்னேன். சக்கரை ஏறுச்சு. 2022 டிசம்பர்ல கழுகுன்னு பேரு வெச்சு இன்னொரு பில்லு வந்துச்சே, ஓட்டுக்கு வரப்போகுதுன்னு நீ ராத்திரியெல்லாம் முழிச்சிருந்தியே, அந்தக் கழுகு கூண்டை உட்டு எறங்கவே இல்ல.

எனக்கு இதெல்லாம் வெளங்காதுன்னு நெனைக்கறே. நான் நாப்பது வருசம் பி.ஏ.பி.ங்கற பரம்பிக்குளம்-ஆழியாறு வாய்க்கால் தண்ணிக்குக் காவல் கெடந்தவன் சாமி. நாலு மண்டலமாப் பிரிச்சு, முறை வெச்சு உடற தண்ணி. வழி நெடுக உறிஞ்சினது போக, வெள்ளகோவில் கடைமடைக்கு வாறப்ப தவளை கால் நனைச்சுக்கலாம். உன்ற கார்டுக் கதையும் வாய்க்கால் கதைதான். அணையில வேலை வகைக்குன்னு வருசத்துக்கு 1,40,000 கார்டு. 1990ல பெரிய புஷ்ஷு கையெழுத்துப் போட்ட சட்டம் அது. அந்த வருசம் உன்னை டி.வி.எஸ். 50ல வெச்சு ஒண்ணாங்கிளாஸ்ல கொண்டுபோய் உட்டேன். வண்டி பழைய இரும்புக்குப் போயிருச்சு, உன்ற தலை நரைச்சுப் போச்சு, அந்த 1,40,000 மட்டும் வாடாம இருக்குது. அதுலயும் பொண்டாட்டி புள்ளைகளும் சேத்தி. ஒரு ஊட்டுல நாலு பேரு வரிசையில நின்னா நாலு கார்டு கழியும்.

இனி மடை. எந்த நாடானாலும் நூத்துக்கு 7தான், அதாவது 9,800. ஐஸ்லாந்துன்னு ஒரு தேசமாம், மொத்தச் சனம் நாலு லட்சத்துக்குள்ள. அவங்களுக்கும் 9,800, நூத்தி நாப்பது கோடிப் பேரு இருக்கற நமக்கும் 9,800. அதுல உன்ற ஈபி-2ங்கற வகையோட வரப்புக்குப் பிரிச்சா 2,803. மத்த மடைக்காரங்க எடுக்காம உட்ட மிச்சம் வந்தா உண்டு. கெட்ட எண்ணத்துல வெச்ச மடைன்னு சொல்ல மாட்டேன். 1965ல ஜான்சன் சுதந்திரதேவி சிலைக்கடியில உக்காந்து கையெழுத்துப் போட்டாரே, அதுக்கு முந்தி பந்தியே ஐரோப்பாக்காரங்களுக்குத்தான். அதை மாத்தி எல்லாருக்கும் ஒரே அளவு எலைன்னாங்க. எலை ஒரே அளவுதான், வந்து உக்காந்த ஒரம்பரைதான் ஒரே அளவு இல்ல. வாஷிங்டன்ல கேட்டோன்னு ஒரு ஆய்வு நிறுவனம் 2023ல கணக்குப் போட்டுச்சு: புதுசா வரிசையில நிக்கற இந்தியாக்காரனுக்கு 134 வருசம். தென்னங்கன்னு வெச்சவன் எளநி குடிக்க மாட்டான்னு ஆராச்சும் சொன்னா இனி நான் கேக்க மாட்டேன். அஞ்சு வருசத்துல நான் குடிச்சேன்.

இதுல எனக்கு நெம்பப் புடிச்ச சங்கதி, பொறந்த எடம். பாஸ்போர்ட்டு எந்த தேசம், பேசற பாசை என்ன, படிச்சது எங்கன்னெல்லாம் கேக்க மாட்டாங்களாம். ஆத்தா எந்த மண்ணுல பெத்தாங்கறதுதான் கேள்வி. ராமேசுவரத்துல பொறந்தா ஆயுசு முச்சூடும் நிக்கோணும். அக்கரையில தலைமன்னார்ல பொறந்தா முன்னால போகலாம். உன்ற ரூம்மேட்டு யாழ்ப்பாணத்துல பொறந்த பொண்ணைக் கட்டிட்டு, பொண்டாட்டி பொறந்த தேசத்து மடையில தண்ணியெடுத்துட்டுப் போயிட்டான் பாரு! நான் உனக்கு ஒம்பது பொருத்தம் பாத்து அவனாசியில பொண்ணெடுத்தேன். ராசி, நச்சத்திரம், கூட்டம், காணி எல்லாம் விசாரிச்சேன். கடல் தாண்டிப் பொறந்திருக்காளான்னு எந்த சோசியனும் சொல்லித் தரலையே கண்ணு. இதை உன்ற பொண்டாட்டி கிட்டச் சொல்லிப்போடாத.

அடுத்தது அந்த விளம்பரம். கார்டுக்கு மனுப் போடறதுக்கு முன்னால, இந்த வேலைக்கு உள்ளூர் ஆளு கெடைக்கலைன்னு கம்பெனி காட்டோணும். அதுக்கு ரெண்டு ஞாயித்துக்கெழமை பேப்பர்ல விளம்பரம். வேலை செய்யறவன் உள்ள சேர்ல உக்காந்திருக்கான், வெளிய "ஆள் தேவை". மாப்பிள்ளையை மணவறையில உக்கார வெச்சுப்போட்டு "வரன் தேவை"ன்னு போடறாப்பல. அதைப் பாத்து நெசமாவே ஒரு நல்ல வரன் வந்து நின்னுட்டா எல்லாருக்கும் வேர்த்துப் போகுமாம். உள்ளூர்க்காரன் இதைப் பாத்துக் கோவப்படறான்னு நீ அலுத்துக்கறே. அவன் எடத்துல நானா இருந்தாக் கல்லெடுத்திருப்பேன்.

அந்தச் சடங்கு முடிஞ்சு உனக்குக் கெடச்ச டோக்கன் தேதி 2015 மார்ச்சு. மாசாமாசம் விசா புல்லட்டின் வர்றப்ப நீ பாக்கறாப்பல நான் பஞ்சாங்கம்கூடப் பாக்கறதில்ல. 2022 செப்டம்பர்ல தேதி 2014 டிசம்பர் வரைக்கும் வந்துருச்சு. மூணே மாசம் பாக்கி. உங்கம்மா ஒரம்பரைக்கெல்லாம் சொல்லிப்போட்டா. அடுத்த மாசம் பாத்தா 2012 ஏப்ரல். அப்பறம் 2011. தண்ணி மேல இருந்து கீழ ஓடித்தான் பாத்திருக்கேன். உன்ற வாய்க்கால்ல அணைக்கே திரும்பி ஏறுது. 2025ல ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் 2013 ஜனவரியிலேயே குத்த வெச்சுட்டு இருந்துச்சாமே. அதைவிட வயிறெரியற கதை 2021. கொரோனாவுல குடும்ப வகையில மிஞ்சின கார்டெல்லாம் வேலை வகைக்கு வந்து 2,62,000 ஆச்சு. தண்ணி கரை பொரளுது. ஆபீசர்க கையெழுத்துப் போட்டு முடிக்கறதுக்குள்ள செப்டம்பர் 30 வந்துருச்சு, அறுபதாயிரத்துக்கு மேல வீணாக் கடலுக்குப் போச்சு. இதுக்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம் கண்ணு. பேனா ஓடியிருந்தாப் போதும்.

இப்ப உங்கிட்ட ஒரு ரகசியம் கேக்கறேன். இந்த வரிசை நகரோணும்னு ஆருக்கு அவசரம்? காங்கேயம் காளையைச் சந்தையில வாங்கறவன் பல்லைப் பாப்பான், சுழியைப் பாப்பான், கயித்தை மட்டும் பாக்காம வர மாட்டான். உன்ற கயிறு எச்-1பி விசா. ஆறு வருசம்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனாங்க. 2000ல போட்ட சட்டத்துல, வரிசையில நிக்கறவனுக்கு மூணு மூணு வருசமா நீட்டிக் குடுக்கலாம்னு வெச்சாங்க. நெசத்துல நெம்ப ஒத்தாசையான சட்டம், இல்லைன்னா எப்பவோ திரும்பி வந்திருப்பே. ஆனா மூணு வருசத்துக்கொருக்காக் கயித்தை மாத்திக் கட்டறாங்க. வேற எடத்துக்குப் போனா மறுபடி விளம்பரம், மறுபடி மனு, டோக்கன் தேதி மட்டும் கையோட வரும். வேலை போச்சுன்னா 60 நாள். இப்படி ஒரு ஆளு சம்பளம் எச்சாக் கேப்பானா? மேனேஜரு ஞாயித்துக்கெழமை கூப்பிட்டா வரமாட்டேன்னு சொல்லுவானா? எச்-1பியில முறைகேட்டை அடக்கோணும்னு கிராஸ்லியும் டர்பினும் 2007ல இருந்து ஒரு பில்லைத் திரும்பத் திரும்பக் கொண்டு வர்றாங்க. அவங்க ரெண்டு பேரையும் நீ வையறே. கயித்தைப் பத்திப் பேசறவங்க அவங்கதான்.

டர்பின் 2019ல குறுக்க நின்னப்ப நீ போட்ட கூச்சல் எனக்கு இன்னும் காதுல இருக்குது. ஆனா அந்த மனுசன் சொன்னது என்ன? பானையைப் பெருசு பண்ணுங்கன்னாரு. நீ கேட்டது என்ன? பந்தியை மாத்திப் போடுன்னே. நாட்டு வரம்பை எடுத்துப்போட்டு 1,40,000ஐ அப்படியே வெச்சா, உனக்குச் சீக்கிரம் சோறு வரும், நைஜீரியாக்காரனும் பிலிப்பைன்ஸ் நர்சும் உனக்குப் பின்னால வந்து நிப்பாங்க. வெள்ளகோவிலுக்குத் தண்ணி உடோணும்னு நான் மறியல் பண்ணுனப்ப, மேமடைக்காரனைச் சாகச் சொல்லலை. அணைக்கு எச்சாத் தண்ணி கொண்டான்னேன். சரி, பொய் சொல்லப்படாது, ரெண்டு நாள் ராத்திரி மேமடைக்காரன் ஷட்டரையும் ஏத்திப்போட்டேன். அதனாலதான் உன்ற ஞாயம் எனக்கு வெளங்குது.

பானையைப் பெருசு பண்றேன்னு சொல்ல அங்க இப்ப நெறையப் பேருக்கு நாக்கு எழாது. 1,40,000ங்கற நம்பரை மாத்த 435 பேரு கீழ்சபையும் நூறு பேரு மேல்சபையும் தலையாட்டோணும். தண்டோராப் போட ஒருத்தரு போதும். 2025 செப்டம்பர்ல புது எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர்னு டிரம்ப் பறையடிச்சாரே, லீவுக்கு வந்திருந்த பசங்க நோம்பிச் சோத்தைப் பாதியில உட்டுப்போட்டு ஏர்போர்ட்டுக்கு ஓடுனாங்களே! மறுநாள்தான், இது புது மனுவுக்கு மட்டும், ஒருக்காக் கட்டுனாப் போதும்னாங்க. அதே நாள் தங்கக் கார்டும் வந்துச்சு. பத்து லட்சம் டாலர் காணிக்கை குடுத்தா அது அபாரத் திறமைக்கு அத்தாட்சியாம். அப்ப நம்மூருக் கந்துவட்டிக்காரரும் அபாரத் திறமைசாலிதான். நீ பாவம், கம்ப்யூட்டர் படிச்சே.

அதனால அப்புச்சி சொல்றதைக் கேளு. புல்லட்டின் பாக்கறதை உட்டுப்போட்டு ஊட்டுக்குள்ள திரும்பிப் பாரு. பெரியவ 2010ல கோபியில பொறந்தவ. 2031ல 21 ஆயிரும், அன்னிக்கு உன்ற மனுவுல இருந்து அவ பேரு உழுந்துரும். ஒரு வயசுல போனவ, அந்த ஊருப் பள்ளிக்கூடத்துலதான் படிக்கறா, நம்ம தோட்டத்துப் பாம்பைப் பாத்தா அலறுவா. அவளை எந்த ஊருக்குப் போகச் சொல்லுவாங்க? இந்தப் புள்ளைகளுக்குன்னே கலிபோர்னியாப் பாடில்லா ஒரு பில்லு கொண்டு வந்தாரு. அதுவும் கெடப்புலதான் கெடக்குது. உன்ற மனுவுக்கு நான் வெளக்குப் போட மாட்டேன், அந்தப் பில்லுக்குப் போடறேன். அம்மாயிக்குத் தெரிய வேண்டாம்.

சின்னவன் கதை வேற. அவன் 2014ல டெக்சாஸ்ல பொறந்து, பொறந்த அன்னிக்கே குடிமகன் ஆனவன். 21 ஆனா அப்பன் ஆத்தாளுக்கு மனுப் போடலாம். அதுக்கு நாட்டு வரம்பும் கெடையாது, வருச வரம்பும் கெடையாதுன்னு நீதானே சொன்னே. 2035. வெரல்ல எண்ணிப் பாத்தேன். மேல்சபை, கீழ்சபை எல்லாத்துக்கும் முந்தி அந்தப் பொடியன் கையெழுத்துப் போட்டுருவானாட்ட இருக்குது.

நேத்து அவனை ஓமொர்க்குச் செய்யலைன்னு வஞ்சியாமே? அறிவிருக்குதா உனக்கு? பெரிய மனுசனைப் பேசற பேச்சா அது? போனை அவங்கிட்டக் குடு. தை நோம்பிக்கு வந்தா நாட்டுக்கோழியா, கெடாக்குட்டியா, தம்பிக்கு என்ன புடிக்கும்னு நானே கேட்டுக்கறேன்.