செட்டியார் கொடுத்த 20 லட்சமும் கரஸ் போட்ட சோறும்

அண்ணாமலை செட்டியார் லேவாதேவிக் குடும்பத்துப் பிள்ளை. ஒரு ரூபாய் வெளியே போனால் வட்டியோடு வீடு திரும்பணும் என்று கேட்டு வளர்ந்தவர். அவரே சிதம்பரத்தில் 1920-இல் மீனாட்சி கல்லூரி தொடங்கி, அப்புறம் 20 லட்சத்தையும் எடுத்து நீட்டினார். 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்தது. பிள்ளைகளை விடுதியில் தங்கவைத்துப் பாடம் நடத்துவதுதான் ஏற்பாடு.

ஆராய்ச்சி, பரங்கிப்பேட்டையில் கடலைப் பார்த்து உட்கார்ந்தது. 1830-களில் ஹீத் என்ற வெள்ளைக்காரர் இரும்பாலை வைத்துக் கையைச் சுட்டுக்கொண்ட ஊர் அது. அங்கே போட்ட பணத்துக்கு உருப்படியாக வந்தது கடல் உயிரியல் மையம்தான். நண்டு, இறால், சதுப்புநிலக் காடு என்று வெள்ளாற்று முகத்துவாரத்தில் முழங்கால் சேற்றில் நின்று பேர் வாங்கினார்கள்.

வகுப்பறைக்கு எவ்வளவு, ஆய்வகத்துக்கு எவ்வளவு? உலகத்துத் துணைவேந்தர்களெல்லாம் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இந்தக் கேள்விக்குச் சிதம்பரம் 1979-இல் விடை கண்டது: இரண்டையும் எட்டிப் பார்க்காத மூன்றாம் ஆளிடம் வாங்கு! அஞ்சல்வழிக் கல்வி, அதாவது கரஸ். ஆபீஸ் குமாஸ்தாவும், கல்யாணமாகிப் படிப்பை விட்ட அக்காவும் பணம் கட்டினார்கள். பதிலுக்குப் பாடப்புத்தகப் பார்சல் வரும். பரீட்சைக்கு முந்தின வாரம்வரை அது பிரிக்கப்படாமல் பீரோ மேலே கிடக்கும்.

பணம் கொட்டக் கொட்ட வேலைக்கு ஆள் சேர்ந்தார்கள். 12 ஆயிரத்துக்கும் மேல்! இங்கே 'சிதம்பர ரகசியம்' என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். ரகசியமெல்லாம் ஒன்றுமில்லை, டீக்கடை பெஞ்சுக்கே தெரியும். பாடமா, ஆராய்ச்சியா என்ற பந்தயத்தில் சம்பளப் பட்டியல் ஜெயித்துவிட்டது.

2012-இல் சம்பளத்தில் கைவைக்கப்போகிறார்கள் என்றதும் வளாகம் கொந்தளித்தது. 2013-இல் அரசு ஐ.ஏ.எஸ். அதிகாரியை உட்காரவைத்து, சட்டம் போட்டுப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டது. உபரி ஆட்கள் தமிழ்நாடு முழுக்க அரசு அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் பந்தி மாற்றி உட்காரவைக்கப்பட்டார்கள். பல்கலைக்கழகத்து மருத்துவ மாணவர்கள் அரசுக் கட்டணம் கேட்டு ஐம்பது நாளுக்கு மேல் போராட, 2021-இல் அவர்கள் கல்லூரி 'கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி' ஆனது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் தேடாதீர்கள்; அது பல்கலைக்கழகம் இருக்கும் அண்ணாமலை நகரிலேயே இருக்கிறது.

சோறு போட்ட கரஸுக்கு என்ன மரியாதை? 2014–15-க்குப் பிறகு நடத்திய தொலைதூரப் படிப்புகளுக்கு அங்கீகாரம் இல்லை என்று 2022-இல் யு.ஜி.சி. கையை விரித்தது.

நீங்கள் பழைய கரஸ் ஆசாமி என்றால், அந்த வளாகத்தில் ஏதோ ஒரு மின்விசிறி உங்கள் காசில் சுற்றுகிறது. நடராஜரைப் பார்க்கப் போகும்போது அதற்கடியிலும் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.