அக்கம்பக்கத்தோடு ஒரு விடுமுறை

கூடார முகாமுக்குப் போய், கழிப்பறைக்கு வரிசையில் நிற்பதைக் காசு கொடுத்து வாங்கும் வழக்கம் எங்கள் வம்சத்தில் கிடையாது. ஆகவே 'காம்பிங்' என்ற பிரெஞ்சுப் படத்தை மின்விசிறிக்கு நேர் கீழே, சோபாவில் காலை நீட்டிக்கொண்டுதான் பார்த்தேன்.

2006-இல் வந்த படம். பாரிஸில் மற்றவர்களின் முகச் சுருக்கங்களை இழுத்துத் தைத்துப் பணம் சேர்த்த மருத்துவர் ஒருவர் (ஜெரார் லான்வான்), மகளோடு ஆஸ்டன் மார்ட்டின் காரில் ஸ்பெயினுக்குக் கிளம்புகிறார். வழியில், பிரான்ஸின் ஆர்க்கஷோன் பக்கம் வண்டி படுத்துவிடுகிறது. பழுது சரியாகும் வரை, கடற்கரைக் கூடார முகாம் ஒன்றில் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அங்கே காத்திருக்கிறான் பாட்ரிக் சிராக். அப்போதைய பிரெஞ்சு அதிபருக்கும் அதே குடும்பப் பெயர். ஒற்றுமை அத்தோடு சரி. பாட்ரிக்காக நடிக்கும் ஃபிராங்க் டுபோஸ்க் அணிந்து வரும் நீச்சலுடையைத் தைத்தவர் துணியில் காட்டிய சிக்கனம் போற்றத்தக்கது. யாரும் கூப்பிடாத இடத்துக்கெல்லாம் முதல் ஆளாக வந்துவிடுவான். "என்னை விட்டுட்டா?" என்று உரிமையோடு கேட்பான் வேறு.

எனக்குப் பிடித்தவர்கள் பிக் தம்பதி. வருஷம் தவறாமல் அதே முகாம், அதே இடம். இந்த முறை வந்து பார்த்தால் அங்கே வேறு யாரோ! முதியவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நம்மூர் வரப்புத் தகராறில்கூட அவ்வளவு துயரம் இருக்காது.

பிரான்ஸ் சட்டம் போட்டு விடுமுறை கொடுத்த நாடு. 1936-இல் சம்பளத்தோடு இரண்டு வாரம், 1982-இல் அது ஐந்து வாரமானது. அத்தனை நாளையும் வைத்துக்கொண்டு இந்த மனிதர்கள் என்ன செய்கிறார்கள்? வீட்டிலிருந்து தப்பி வந்து, அதே வீட்டைத் துணியால் கட்டுகிறார்கள். மேசைக்கு விரிப்பு, அடுத்த கூடாரத்தின் மேல் ஒரு கண், சாயங்காலமானால் ஒரு கிளாஸ் பஸ்தீஸ் என்ற சோம்பு மது. மாமியார் மட்டும்தான் பாக்கி. சிலர் அவரையும் கூட்டிவருவார்கள் போலிருக்கிறது.

மருத்துவர் மனம் மாறி முகாமோடு ஒட்டிக்கொள்வார் என்பது முதல் ரீலிலேயே தெரிந்துவிடுகிறது. நகைச்சுவையில் பாதி இடுப்புக்குக் கீழேதான். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்: சுருக்கத்தை மறைப்பதே பிழைப்பான ஆளை, ஊரார் தொப்பையெல்லாம் வெயில் காயும் இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியவர் கெட்டிக்காரர். அந்த ஊராரில் ஒருவர்கூட மருத்துவரிடம் நோயாளியாக வரப்போவதில்லை. கார் நின்றதைவிட அதுதான் அவருக்குப் பெரிய அடி.

பிரான்ஸில் 50 லட்சத்துக்கும் மேல் டிக்கெட் விற்றது. விடுவார்களா? 2010-இலும் 2016-இலும் அடுத்தடுத்த பாகங்கள். மருத்துவர் தலைகாட்டவில்லை, கார் சரியாகிவிட்டது போலும். பாட்ரிக் மட்டும் அதே இடத்தில், அதே நீச்சலுடையில். நானும் இரண்டையும் பார்த்தேன், அதே சோபாவில். நடுவில் யாராவது வந்து உட்கார்ந்தால் எனக்குப் பொல்லாத கோபம் வரும்.